பல ஆசிய நாட்டு உணவுகள் தரும் பான்-ஏசியன் உணவகங்களில் உங்களுக்கு நடந்தது என்ன?

கத்தரிப்பூ:
மங்கல் வெளிச்சம், கறுப்புக் கல் மேசை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சைவம். மெனுவில் சைவ அடையாளமாகப் பச்சை இலை போட்டிருந்த மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கத்தரிக்காய் சொன்னேன். பரிமாறியவரிடம் கேட்டும் பார்த்தேன். "வெறும் காய்தான் மேடம்" என்றார். வந்த தட்டின் மேல் மரச் சீவல் மாதிரி ஏதோ தூவியிருந்தது. சூடு பட்டு அது நெளிகிறது, சுருள்கிறது, மறுபடி நிமிர்கிறது! தோழி சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறாள். எனக்கு ஒரு வாய் உள்ளே போயாயிற்று. என்ன இது என்று கேட்டால், "மீன் சீவல் மேடம், அலங்காரத்துக்கு. வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்" என்று இடுக்கியோடு வந்து நிற்கிறார். மீனைச் சீவிப் போட்டுவிட்டு அலங்காரமாம்.

நடுமேசை:
எங்களுக்கு அலுவலக விருந்து. ஷாவ்லாங்பாவ் (கொழுக்கட்டை மாதிரியான சீனப் பண்டம்) வந்ததும் மேலாளர் ஒன்றை முழுசாக வாயில் போட்டுவிட்டார். உள்ளே கொதிக்கும் சூப். எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார், துப்பவும் முடியாது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. விழுங்கிவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். ஒப்பந்தத்தைப் பற்றி நான்தான் பேச வேண்டியிருந்தது.

அடுப்படி:
இப்படி ஒரு சமையலறையில் வேலை பார்த்தவன் நான். கத்தரிப்பூ, பரிமாறியவரைத் திட்டிப் பயனில்லை. அது கட்சுவோபுஷி, புகையூட்டிக் காயவைத்த மீன். மேலே கிடந்ததால் உங்கள் கண்ணில் பட்டது. கண்ணில் படாததுதான் அதிகம். மிசோ சூப்புக்கு அடிப்படையான தாஷி என்ற சாற்றில் பெரும்பாலும் இதே மீன்தான். தாய்லாந்துப் பச்சைக் கறி விழுதில் இறால், பாட் தாய் என்ற தாய்லாந்து நூடுல்ஸில் மீன் சாஸ், வதக்கிய கீரையில் சிப்பி சாஸ். கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயிலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும். "சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முன்பதிவு செய்யும்போதே. விழுதை முன்கூட்டியே மொத்தமாக அரைத்துவிடுவோம், நீங்கள் வந்து உட்கார்ந்தபின் இறாலைப் பிரித்தெடுக்க வழியில்லை. 'கொம்பு' என்ற கடற்பாசியும் ஷிட்டாகே காளானும் மட்டும் போட்டுத் தாஷி வைக்கலாம், சொன்னால் செய்வார்கள்.

நடுமேசை, அந்தச் சூப்பை யாரும் உள்ளே ஊற்றுவதில்லை. இறைச்சிச் சாற்றை ஜெல்லியாக உறையவைத்து மாவுக்குள் மடிப்போம், ஆவியில் அது உருகும். கரண்டியில் வைத்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, அப்புறம்தான் மீதி.

கத்தரிப்பூ:
ஆலோசனைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. பச்சை இலை போட்டது நானா, அவர்களா? பணம் கொடுத்துச் சாப்பிட வருகிறவள் தாஷிக்குப் பாடம் படித்துவிட்டா வர வேண்டும்?

ஓரநாற்காலி:
சண்டை போதும், என் கதையைக் கேளுங்கள். பக்கத்து மேசையில் ஒருவர், கூட வந்த பெண்ணுக்குத் தாய்லாந்துக் கறியையும் சோற்றையும் குச்சியால் சாப்பிடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "அதுதான் அங்கே முறை" என்று வேறு. தாய்லாந்தில் சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும்தான்! பரிமாறுகிற பெண் ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டியை வைத்தாள். இவர் அதை நகர்த்தி வைத்தார். கூட வந்தவள் எட்டி எடுத்துக்கொண்டாள், அதன்பின் அவர் சொன்ன எதற்கும் தலையே நிமிரவில்லை.

அடுப்படி:
நூடுல்ஸ் சூப்புக்கு அவர்களும் குச்சிதான் எடுப்பார்கள். முழுசாகச் சொல்லுங்கள்.