அம்மாவின் முழங்கால் தேய்வுக்கு அக்குபங்சர் செய்யலாமா?

கோண்டாவில் மகள்:
அம்மாவுக்கு வயது 66. எக்ஸ்ரே பார்த்துவிட்டு இரண்டு முழங்காலிலும் தேய்வு என்றார்கள். குந்தினால் எழும்ப முடியவில்லை, இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கும் வரவில்லை. நோவுக்குப் போடும் குளிசை வயிற்றை எரிக்கிறது. இதயத்துக்காக இரத்தம் உறையாமல் ஒரு குளிசையும் எடுக்கிறார். பக்கத்து வீட்டு அன்ரி அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசி குத்தும் வைத்தியம்) செய்து நல்ல சுகம் என்கிறார். கூட்டிக்கொண்டு போகலாமா?

ஓய்வுபெற்ற பிசியோ:
பிள்ளை, ஊசியை விட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. இரத்தம் உறையாமல் எடுக்கும் குளிசையோடு நோக் குளிசையும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். வயிறு எரிவதை நாளைக்கே கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பொறுக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். பூசுகிற ஜெல் சரிவருமா என்றும் கேளுங்கள்.

அக்குபங்சர் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. 2014 இல் அவுஸ்திரேலியாவில் முழங்கால் நோ உள்ள, 50 வயது தாண்டிய 282 பேரிடம் செய்த ஆய்வில், 12 வாரம் கழித்து உண்மையான அக்குபங்சர், செய்வதுபோலக் காட்டும் போலிச் சிகிச்சையை விட மேலாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் 2022 வைத்திய வழிகாட்டி இதற்கு அக்குபங்சர் வேண்டாம் என்கிறது. அமெரிக்க மூட்டு வைத்தியர்களின் 2019 வழிகாட்டியோ ஓரளவு சம்மதிக்கிறது. அன்ரி சொல்வது பொய் இல்லை. முழங்கால் நோ கூடும், குறையும். கூடின நேரத்தில்தான் நாங்கள் வைத்தியம் தேடுகிறோம். ஒருவர் ஆறுதலாகக் கதைத்துத் தொட்டுப் பார்த்தாலே ஓரளவு நோ தணியும்.

ஊசிக்குக் காசு கொடுத்துவிட்டுப் பயிற்சியைக் கைவிடுவதைப் பார்த்தால்தான் எனக்கு மனம் நோகும். கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். தினமும் செய்ய வேண்டும். தொடைத் தசை பலமானால் முழங்காலுக்கு ஆதரவாக இருக்கும்.

சுன்னாகம் அண்ணை:
நான் செய்தேன். ஊசி போட்ட கிழமைகளில் சுகம், விட்டதும் நோ திரும்பியது. ஆனால் அந்தச் சுகத்தில்தான் நடக்கத் தொடங்கினேன், இன்றும் நடக்கிறேன். போவதென்றால் ஊசியைப் புதுப் பக்கற்றில் இருந்து உங்கள் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

கோண்டாவில் மகள்:
சீட்டைப் பார்த்தேன், இரத்தம் உறையாமல் அம்மா எடுக்கும் குளிசை வார்ஃபரின்தான். காலையில் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். கொமட்டும் பூட்டப் போகிறோம், எவ்வளவு உயரம் வேண்டும்?

ஓய்வுபெற்ற பிசியோ:
இருக்கும்போது முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது. பக்கச் சுவரில் பிடிக்க ஒரு கம்பியும் பூட்டுங்கள். வார்ஃபரின் எடுப்பவர் என்பதால், டொக்டர் சரி என்று சொல்லும்வரை ஊசிக்குப் போக வேண்டாம்.