ஐ.எஃப்.ஆர். எழுத்துத் தேர்வு: எண்கள் மனப்பாடம், விடை மட்டும் தப்பு

மேகமூட்டம்:

எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை அமைப்பு) நடத்தும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளைப் பார்த்தே பறக்கும் (ஐ.எஃப்.ஆர்.) தகுதிக்கான எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேன். நான்கு கேள்விகள் திரும்பத் திரும்பக் காலை வாருகின்றன. எல்லாமே பார்ட் 91 (தனியார் பறத்தலுக்கான பொது விதிகள்), ஒற்றை எஞ்சின் விமானம், வாஸ் (திருத்தச் சமிக்ஞையோடு துல்லியம் கூடிய) ஜி.பி.எஸ். உண்டு.

1. சேருமிடத்தை அடையும் நேரம் 1500 ஜூலு (உலகப் பொது நேரம்). டாஃப் (விமான நிலைய வானிலை முன்னறிவிப்பு) படி 1545 வரை சீலிங் (மேகத்தின் அடித்தள உயரம்) 2,500 அடி, விசிபிலிட்டி 5 மைல். 1545 முதல் 1,500 அடி, 3 மைல். ஆல்டர்னேட் (மாற்று விமான நிலையம்) வேண்டுமா? வேண்டுமானால், எல்.பி.வி. அப்ரோச் (வாஸ் வழியே இறக்கச் சரிவும் காட்டும் இறங்கு முறை) மட்டுமே உள்ள ஒரு விமான நிலையத்தில் 700 அடி, 2 மைல் என்று முன்னறிவிப்பு இருந்தால் அதை எழுதலாமா?

2. ஐ.எல்.எஸ்.ஸில் (தரையிலிருந்து வரும் ரேடியோ வழிகாட்டலில் இறங்கும் முறை) டி.ஏ.வுக்கு (இறங்குவதா, மேலே போவதா என்று முடிவெடுக்கும் உயரம்) வந்தாயிற்று. அப்ரோச் லைட் மட்டும் தெரிகிறது, ஓடுபாதை தெரியவில்லை. இறங்கலாமா?

3. மேகத்துக்குள் ரேடியோ போய்விட்டது. கொடுத்த உயரம் 5,000. பத்து நிமிடத்தில் 9,000 எதிர்பார்க்கச் சொன்னார்கள். வழியில் மூன்று துண்டுகள், எம்.ஈ.ஏ. (அந்தத் துண்டில் பறக்கக் குறைந்தபட்ச உயரம்) முறையே 4,000, 11,000, 6,000. எங்கே எந்த உயரம்? அப்ரோச் தொடங்கும் ஃபிக்ஸுக்கு (வரைபடத்தில் குறித்த புள்ளி) 12 நிமிடம் முன்பே போய்விட்டால்?

4. ரேடார் வெக்டரில் (கன்ட்ரோலர் சொல்லும் திசையில்) பறக்கும்போது "கிளியர்ட் ஐ.எல்.எஸ்." என்று மட்டும் சொன்னால் சார்ட்டில் உள்ள உயரத்துக்கு இறங்கலாமா?

ஊசிமுனை:

முதல் கேள்வியில் நீங்கள் 1500-ஐ மட்டும் பார்க்கிறீர்கள். பார்ட் 91-இன் 91.169 பிரிவு கேட்பது அடையும் நேரத்துக்கு ஒரு மணி முன்பிருந்து ஒரு மணி பின்பு வரை, அதாவது 1400 முதல் 1600 வரை. அந்த நேரம் முழுக்க சீலிங் 2,000 அடிக்கும் விசிபிலிட்டி 3 மைலுக்கும் குறையக் கூடாது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் 1,500 வந்து உட்கார்ந்துவிட்டது. விசிபிலிட்டி சரியாக இருந்தாலும் பயனில்லை, ஆல்டர்னேட் வேண்டும். எரிபொருள் கணக்கும் கூடவே மாறும்: சேருமிடம், அங்கிருந்து ஆல்டர்னேட், அதற்கு மேல் சாதாரண க்ரூஸ் வேகத்தில் 45 நிமிடம்.

எல்.பி.வி.தான் பெரிய பொறி. 200 அடி வரை இறக்கிவிடுகிறதே, அப்போது பிரிசிஷன் அப்ரோச்சுக்கான 600-2 (சீலிங் 600 அடி, விசிபிலிட்டி 2 மைல்) போதும் என்று தோன்றும். ஆனால் விதிக் கணக்கில் எல்.பி.வி. பிரிசிஷன் அப்ரோச் இல்லை. ஆல்டர்னேட் திட்டத்துக்கு அதை நான்-பிரிசிஷனாகத்தான் எடுக்க வேண்டும்: 800-2. எனவே 700-2 தேறாது. சார்ட்டில் கறுப்பு முக்கோணத்துக்குள் 'ஏ' இருந்தால் அங்கே வழக்கமான எண்கள் செல்லாது, தனிப் பட்டியலைப் பாருங்கள். பக்கத்தில் 'என்.ஏ.' என்றும் இருந்தால் அந்த அப்ரோச்சை நம்பி ஆல்டர்னேட் எழுதவே முடியாது. வாஸ் இல்லாத ஜி.பி.எஸ். என்றால் இன்னொரு கட்டு: சேருமிடம், ஆல்டர்னேட் இரண்டில் ஒன்றில்தான் ஜி.பி.எஸ். அப்ரோச்சை நம்பித் திட்டமிடலாம்.

இத்தனையும் புறப்படும் முன் காகிதத்தில் மட்டும். ஆல்டர்னேட்டுக்குத் திரும்பிப் போன பிறகு 800-2-ஐ மறந்துவிடுங்கள். அங்கே அப்போது 300 அடி, 1 மைல் இருந்து, எல்.பி.வி. மினிமா (இறங்கச் சார்ட்டில் உள்ள குறைந்தபட்ச அளவு) 250 அடி, முக்கால் மைல் என்றால் தாராளமாக இறங்கலாம். தேர்வில் பாதிப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவதில், அறிவித்த விசிபிலிட்டி மினிமாவுக்குக் கீழே இருந்தால் அப்ரோச்சே தொடங்கக் கூடாது. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடதிருக்கை:

ஊசிமுனை, கடைசி வரி பார்ட் 121, 135-க்குத்தான் (வணிக விமானச் சேவைகளுக்கான விதிகள்) பொருந்தும். பார்ட் 91-இல் அறிவிப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அப்ரோச் பறந்து பார்க்கலாம். தரையிறங்கத் தேவை ஃப்ளைட் விசிபிலிட்டி, அதாவது காக்பிட்டிலிருந்து விமானிக்கு உண்மையில் தெரியும் தூரம். சீலிங் அந்தக் கணக்கிலேயே இல்லை. (இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அப்ரோச் பேன் (அறிவித்த விசிபிலிட்டி குறைந்தால் அப்ரோச்சுக்குத் தடை) உண்டு. அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.)

டி.ஏ.வுக்குக் கீழே போக 91.175 மூன்றைக் கேட்கிறது: சாதாரண இறக்கத்தில் ஓடுபாதையில் தொடும்படியான நிலையில் தொடர்ந்து இருப்பது, சார்ட்டில் உள்ள விசிபிலிட்டி, பட்டியலில் உள்ள அடையாளம் ஒன்று. அப்ரோச் லைட் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து டச்டவுன் ஸோன் எலிவேஷனுக்கு (ஓடுபாதையில் தொடும் பகுதியின் உயரம்) மேல் 100 அடி வரைதான் இறங்கலாம். அதற்குக் கீழே போக சிவப்பு டெர்மினேட்டிங் பாரோ சிவப்பு சைட் ரோ பாரோ தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் த்ரெஷோல்டு (ஓடுபாதையின் தொடக்க விளிம்பு), ஓடுபாதை விளக்கு, வாசி (இறக்கச் சரிவு காட்டும் விளக்கு) போன்ற வேறொன்று. முதலாவது சிவப்பு ஏ.எல்.எஸ்.எஃப்.-1 வகை அப்ரோச் லைட்டில், இரண்டாவது ஏ.எல்.எஸ்.எஃப்.-2-இல். சிறிய விமான நிலையங்களில் அதிகம் காணும் எம்.ஏ.எல்.எஸ்.ஆரில் சிவப்பே கிடையாது. கேள்வியில் விளக்கின் பெயர் இருந்தால் அது சும்மா வந்ததல்ல.

அப்ரோச் லைட்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 3 டிகிரி சரிவு, த்ரெஷோல்டைக் கடக்கும் உயரம் 50 அடி என்று வையுங்கள். 200 அடியில் இருக்கும்போது த்ரெஷோல்டு கிட்டத்தட்ட 2,860 அடி தள்ளி இருக்கும். அரை மைல் விசிபிலிட்டி என்பது 2,640 அடி. த்ரெஷோல்டு தெரியவே தெரியாது! எம்.ஏ.எல்.எஸ்.ஆரோ த்ரெஷோல்டிலிருந்து உங்களை நோக்கி 2,400 அடி நீண்டு கிடக்கிறது. 100 அடிக்கு இறங்கும்போது த்ரெஷோல்டு 950 அடியில். அப்போதும் தெரியவில்லை என்றால் விசிபிலிட்டி நீங்கள் நினைத்த அளவு இல்லை, மேலே போக வேண்டியதுதான். 90 நாட் கிரவுண்ட் ஸ்பீடில் இந்த நூறு அடிக்கு 12, 13 விநாடிதான் கிடைக்கும். அதனால் அந்த எண்ணை முன்பே ஆல்டிமீட்டர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: எலிவேஷன் 412 என்றால் டி.ஏ. 612, அடுத்த கோடு 512.

வடக்குவாடை:

மூன்றாவது. முதலில் ரேடியோ உண்மையில் போனதா என்று பாருங்கள்: வால்யூம், ஆடியோ பேனல், அழுந்தி நிற்கும் மைக் பொத்தான், முந்தைய அலைவரிசை, அவசர அலைவரிசை 121.5. டிரான்ஸ்பாண்டரில் 7600 (ரேடியோ போனதைச் சொல்லும் குறியீடு). வி.ஓ.ஆர். (தரை வழிகாட்டி நிலையம்) குரலிலும் காது இருக்கட்டும். வி.எம்.சி. (வெளியே பார்த்துப் பறக்கும் அளவு தெளிவான வானிலை) கிடைத்தால் கேள்வி அங்கேயே முடிந்தது: வி.எஃப்.ஆரில் (வெளியே பார்த்துப் பறக்கும் விதிகளில்) தொடர்ந்து, நடைமுறைக்கு ஒத்துவரும் முதல் இடத்தில் இறங்க வேண்டும். கண்ணில் பட்ட முதல் வயலில் என்று பொருள் இல்லை.

மேகத்துக்குள்ளேயே என்றால் உயரம் மூன்றில் எது அதிகமோ அது: கொடுத்தது, எதிர்பார்க்கச் சொன்னது, அந்தத் துண்டின் குறைந்தபட்சம். இதைத் துண்டு துண்டாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும்வரை 5,000, பிறகு 9,000. இரண்டாம் துண்டில் 11,000. மூன்றாம் துண்டில் எம்.ஈ.ஏ. 6,000-தானே என்று 6,000-க்கு இறங்குபவர்களும் 11,000-லேயே நிற்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு, திரும்ப 9,000. 11,000-க்கு ஏறுவது இரண்டாம் துண்டு தொடங்கும் ஃபிக்ஸைத் தாண்டிய பிறகுதான், அங்கே எம்.சி.ஏ. (அதைக் கடக்கக் குறைந்தபட்ச உயரம்) போட்டிருந்தால் மட்டும் அந்த உயரத்தோடு கடக்க வேண்டும்.

முன்கூட்டிப் போய்ச் சேர்ந்தால் அப்ரோச் தொடங்கும் ஃபிக்ஸில் ஹோல்டிங் (சுற்றிச் சுற்றிக் காத்திருத்தல்). ஈ.எஃப்.சி. (மேற்கொண்டு கிளியரன்ஸ் எதிர்பார்க்கச் சொன்ன நேரம்) கொடுத்திருந்தால் அந்த நேரம்; இல்லையென்றால் பைல் செய்த பயண நேரத்தைப் புறப்பட்ட நேரத்தோடு கூட்டி வரும் நேரம். அதை ஒட்டியே இறக்கம் தொடங்கும். ஜி.பி.எஸ். காட்டும் புது ஈ.டி.ஏ. (சேரும் நேரம்) செல்லாது, ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கையில் இருப்பது நீங்கள் கொடுத்த பழைய கணக்கு. ஹோல்டிங்கில் 14,000 அடி வரை ஒரு நிமிடக் கால் (நேர்ப் பகுதி), அதற்கு மேல் ஒன்றரை.

ஊசிமுனை:

இடதிருக்கை சொன்னது சரி, என் வரி பார்ட் 91-க்குச் செல்லாது.

நான்காவதற்கு 91.175-இலேயே விடை இருக்கிறது: வெக்டரில் இருக்கும்போது அப்ரோச் கிளியரன்ஸ் கிடைத்தாலும், வெளியிடப்பட்ட பாதையில் நிலைபெறும் வரை கடைசியாகக் கொடுத்த உயரம்தான், ஏ.டி.சி. வேறு கொடுத்தால் தவிர. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வாஷிங்டன் அருகிலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கு அப்ரோச் கிளியரன்ஸ் வாங்கிக்கொண்டு 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கியது. அந்த 1,800 சார்ட்டில் இன்னும் உள்ளே இருந்த துண்டுக்கானது. வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். கிளியரன்ஸ் என்றால் தடை இல்லாத உயரம் என்று விமானி நினைப்பதும், உயரத்தை விமானி பார்த்துக்கொள்வார் என்று கன்ட்ரோலர் நினைப்பதும் அதற்குப் பிறகுதான் விதியால் அடைக்கப்பட்டன. இன்று நான்கும் ஒரே மூச்சில் வரும்: இருக்குமிடம், திருப்பம், "நிலைபெறும் வரை 3,000", கிளியரன்ஸ். உயரம் விடுபட்டால் கேளுங்கள்.

மேகமூட்டம்:

நன்றி. ஒன்றே ஒன்று: எம்.ஏ.பி.க்கு (மிஸ்டு அப்ரோச் தொடங்கும் புள்ளி) ஒரு மைல் முன்பே மிஸ்டு அப்ரோச் (இறங்காமல் மேலே போவது) என்று முடிவெடுத்தால் உடனே திரும்பலாமா?

இடதிருக்கை:

ஏறலாம், திரும்பக் கூடாது. எம்.ஏ.பி. வரை அதே பாதையில் போய்த்தான் திருப்பம், ஏ.டி.சி. வேறு சொன்னால் தவிர. மிஸ்டு அப்ரோச்சின் தடைப் பாதுகாப்பை எம்.ஏ.பி.யிலிருந்து, கடல் மைலுக்கு 200 அடி ஏற்றத்தை வைத்துத்தான் வரைகிறார்கள். முன்பே திரும்பினால் அவர்கள் அளக்காத நிலத்தின் மேல் பறக்கிறீர்கள்.