மார்கழியில் வாகரைப் பக்கம் பழைய இடங்களைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: வாவிக்கரையாள், மட்டக்களப்பு

வணக்கம். அக்காவின் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்காகக் கொழும்பிலிருந்து மார்கழி நடுப்பகுதியில் வருகிறார்கள். இருவருக்கும் வரலாற்றில் விருப்பம் அதிகம். பட்டினத்துக் கோட்டையையும் பாலமீன்மடு வெளிச்சவீட்டையும் காட்டிவிட்டு, ஒரு நாள் வான் பிடித்து வடக்கே பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல் வரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அம்மாவோ, "வாடைக் காற்றும் மழையுமான நேரத்தில் அந்தக் கரையில் உனக்கு என்ன வேலை?" என்கிறார். அங்கே வசிப்பவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மாங்கேணியான்

தங்கச்சி, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரை நாங்களே தோணிகளை மேட்டுக்கு இழுத்துப் பூவரசில் கட்டிவிட்டு, கடலை விட்டு உப்பாற்றில் இறால் பிடித்துத்தான் நாளைக் கடத்துவோம். ஒரு நாள் முழுக்கக் கொட்டிய மழை மறுநாள் விட்டு வெயில் எறிக்கும். நம்பக் கூடாதது அந்த வெயிலைத்தான். வெருகல் ஆறு மகாவலியின் கிளை என்பதால், எங்கள் வானம் வெளுத்திருக்கும்போதே மலைநாட்டில் பெய்த மழை இங்கே வந்து ஏறும். மூன்று வருடங்களுக்கு முன் குடும்பமாக வெருகல் கோயிலுக்குப் போனோம். காலையில் வீதிக்குக் கீழே கிடந்த தண்ணீர், நாங்கள் சோறு உண்டு கை கழுவுவதற்குள் வீதியை மூடிவிட்டது. அன்றிரவு மடத்துத் தரையில்தான் படுத்தோம். ஆகவே புறப்படும் காலையில் வானத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் மலைநாட்டு மழைச் செய்தியையும் கேளுங்கள். இன்னொன்று, ஆற்றுவாய்களில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மழைத் தண்ணீர் மணல் திட்டை வெட்டிக்கொண்டு கடலுக்குப் பாயும் நேரத்தில், முழங்கால் அளவு நீரும் ஆளை இழுத்துவிடும்.

பதில்: பழைய வாத்தியார், களுவாஞ்சிகுடி

மகள், பயணத்தை முழுவதுமாகக் கைவிட வேண்டாம். இரண்டாகப் பிரியுங்கள் என்பதே என் கருத்து. கோட்டையைப் பார்க்க மழைக்காலம் குறையல்ல. போர்த்துக்கேயர் 1628 இல் அதைத் திறந்த கடற்கரையில் கட்டாமல், வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் ஏன் கட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்டபின் கல்லடிக்குப் போய், இரைந்து கொண்டிருக்கும் கடலைக் காட்டுங்கள். விடையின் பெரும்பகுதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்தது 1602 மே 31 இல். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் இக்கோட்டையைக் கைப்பற்றியது 1638 மே 18 இல். இரண்டும் வைகாசி, அதாவது கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசி, நம் கரை தணிந்திருக்கும் காலம். பாடப்புத்தகங்கள் ஆண்டை எழுதுகின்றன, மாதத்தைக் கவனிப்பதில்லை என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

வெளிச்சவீடு 1913 இல் கட்டப்பட்டது. அதற்குப் போகும்போது 2004 ஆழிப்பேரலையில் அழிந்த நாவலடியைப் பற்றியும் சொல்லுங்கள். கதிரவெளியில் இருப்பவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள், அதாவது பழங்காலத்தவர் இறந்தோரைப் பெரிய கற்களிட்டு அடக்கிய இடங்கள். மழை கழுவிய மணலில் பழைய மட்பாண்ட ஓட்டுத் துண்டுகள் கண்ணில் பட்டால் பார்க்கலாம், எடுத்துவரக் கூடாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

காற்றைப் பற்றி ஒன்று. 1978 நவம்பர் 23 சூறாவளியின்போது எனக்குப் பதினேழு வயது. வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று ஓய, முடிந்துவிட்டது என்று அரிக்கன் லாம்போடு முற்றத்துக்கு வந்தோம். என் ஆச்சிதான் எல்லோரையும் ஏசி உள்ளே தள்ளினார். சற்று நேரத்தில் காற்று தெற்கிலிருந்து திரும்பியது. விடிந்து பார்த்தால், முதலில் சாய்ந்த தென்னைகள் தெற்கே தலைவைத்துக் கிடக்க, அவற்றின் மேலேயே பின்பு விழுந்தவை வடக்கே தலைவைத்துக் கிடந்தன. எந்த மரம் எப்போது விழுந்தது என்று அந்தக் குவியலைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

வாவிக்கரையாள்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. மார்கழியில் கோட்டையோடும் வெளிச்சவீட்டோடும் நிறுத்திக்கொண்டு, கதிரவெளியையும் வெருகலையும் சித்திரை விடுமுறைக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ஆச்சிக்குக் காற்று திரும்பும் என்று எப்படித் தெரிந்ததென்று மூத்தவன் இப்போதே கேட்கிறான்.

மாங்கேணியான்

சித்திரை நல்ல முடிவு. அப்போது கரைவலை இழுப்பு தொடங்கியிருக்கும். விடியற்காலையில் வந்து சேர்ந்தால் பிள்ளைகளும் கயிற்றைப் பிடிக்கலாம். நிழல் குறைந்த வீதி என்பதால் குடிதண்ணீரைப் பட்டினத்திலிருந்தே கொண்டுவாருங்கள்.