வாசிப்புக் கருவி: கைப்பேசியே போதுமா, தனிக் கருவி வேண்டுமா?

முதலியார்பேட்டை மகள்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் தந்தைக்கு வயது 71. கிளாக்கோமா என்ற கண் நோயால் பார்வை முழுவதும் போய்விட்டது. வீட்டில் அலமாரி நிறைய நூல்கள் இருக்கின்றன. அச்சுப் பக்கத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்ட, கேமராவுடன் மேசைமேல் நிற்கும் கருவியை வாங்கலாமா, அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியே போதுமா?

மஞ்சக்குப்பம் வாசகர்:
சகோதரி, நான் பிறவியிலேயே பார்வையற்றவன். கைப்பேசியே போதும் என்பது என் உறுதியான கருத்து. திரையில் உள்ளதைப் படிக்கும் டாக்பேக்கும் தமிழ்க் குரலும் செலவில்லாமல் கிடைக்கின்றன. கணினித் திரையைப் படிக்கும் என்விடிஏ மென்பொருளும் இலவசமே. அச்சைப் படித்துக்காட்ட 1976இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் உருவாக்கிய இயந்திரம் செய்த வேலையை இன்று சட்டைப்பையில் உள்ள கருவியே செய்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நூல்களை நமக்கேற்ற வடிவில் மாற்றத் தனி அனுமதி தேவையில்லை. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அப்படி மாற்றிய நூல்கள் உள்ளன.

புதுச்சேரி சிறப்பாசிரியை:
ஐயா, நீங்கள் தொடுதிரையோடு பழகி வளர்ந்தவர். எழுபதை எட்டியபின் பார்வையிழந்தவர் பக்கத்தின் நான்கு ஓரங்களும் படத்துக்குள் விழும்படி கைப்பேசியைப் பிடிப்பது எளிதன்று. கை நடுங்கும், ஓரம் வெட்டுப்படும், கையின் நிழல் வரிகளை மறைக்கும். நூலை வைத்துவிட்டு, விரலால் தடவி அறியக்கூடிய ஒரே பொத்தானை அழுத்தினால் படிக்கத் தொடங்கும் கருவி இருந்தால், மகளைக் கூப்பிடாமல் அவரே படித்துக்கொள்வார். அந்தத் தற்சார்பை விலையை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பதே என் வாதம்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
அம்மா, கை நடுக்கத்துக்குத் கைப்பேசியை நூலுக்கு மேலே நிறுத்திவைக்க, தச்சர் செய்து தரும் மரத் தாங்கியே தீர்வு. நூலை ஒட்டி வைக்க அடியில் ஒரு சட்டம் அடித்தால் பக்கம் நகராது. உண்மையான சிக்கல் தமிழில் இருக்கிறது. ணை, லை, னை, றா போன்றவை 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன்பு வேறு வடிவில் அச்சாயின. அவற்றைக் கற்றுக்கொள்ளாத எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) அவை வரும் சொற்களையெல்லாம் குலைத்துவிடும். துணைக்காலை 'ர' என்று படிப்பதும் உண்டு. ஒரு விற்பனையாளர் ஆங்கிலப் பக்கத்தைப் படித்துக்காட்டியே எனக்கு ஒரு தனிக் கருவியை விற்றார்; வீட்டில் தமிழ் நாளிதழை வைத்தபோது ஒரு வரிகூட விளங்கவில்லை, அவர் கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. என் எதிர்ப்பு அந்த இழப்பிலிருந்து பிறந்தது.

புதுச்சேரி சிறப்பாசிரியை:
இதை முழுமையாக ஏற்கிறேன். பழைய பதிப்பு ஒன்று, பத்திகளாகப் பிரிந்த நாளிதழ், ஓய்வூதியக் கடிதம், மருந்து அட்டை ஆகிய நான்கையும் எடுத்துச்சென்று, பார்வையிழந்தவரின் கையாலேயே இயக்கிப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். ஆயினும் ஓய்வூதியக் கடிதத்தின் படத்தை இணையம் வழியே வேறெங்கோ அனுப்பிப் படிக்கும் செயலிகளைவிட, தனக்குள்ளேயே படிக்கும் தனிக் கருவியையே நான் பரிந்துரைப்பேன்.

முதலியார்பேட்டை மகள்:
நேற்றிரவு அப்பாவின் 1960களின் உரைநூல் ஒன்றைக் கைப்பேசியில் படிக்கவைத்தோம். பல சொற்கள் பிழையாக வந்தன. ஆனாலும் அவர் அவற்றைத் தாமே திருத்திச் சொல்லிக்கொண்டு இரண்டு பக்கங்கள் கேட்டார். முதலில் தாங்கியைச் செய்துவிட்டு, தனிக் கருவியை அந்த நான்கு சோதனைகளுக்குப் பின் முடிவுசெய்கிறோம். தாங்கி எவ்வளவு உயரம் இருக்கலாம்?

மஞ்சக்குப்பம் வாசகர்:
ஒரு பக்கத்துக்கு ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ஆணி அடிக்கும் முன் அப்பாவையே ஒரு முறை படமெடுக்கச் சொல்லிப் பாருங்கள்.