கோன்-டிக்கி (2012): படத்தில் வரும் தெப்பத்தில் எது நிஜம், எது கற்பனை?

அலைவாய்:
வணக்கம். யோவாக்கிம் ரோனிங், எஸ்பன் சாண்ட்பெர்க் இயக்கிய கோன்-டிக்கி படம் பற்றிச் சில கேள்விகள். பாலினீசியாவில் முதலில் குடியேறியவர்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம் என்ற தன் கோட்பாட்டைக் காட்ட, 1947-இல் தோர் ஹெயர்டாலும் ஐந்து பேரும் பெருவின் கய்யாவோ துறைமுகத்திலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் கிளம்பி, 101 நாளில் பாலினீசியாவின் ராரோயா பவளத்தீவை அடைந்தார்கள். அது வரலாறு, அதில் சந்தேகம் இல்லை. கேட்க நினைப்பது இவைதான்:

படத்தில் மரம் தண்ணீர் குடித்து ஊறுகிறது, கயிறு தேய்கிறது, குழுவில் ஒருவரான ஹெர்மன் வாட்சிங்கர் இரும்புக் கம்பி கொண்டு கட்டலாம் என்று கெஞ்சுகிறார். அந்த ஆபத்து உண்மையா?

ஆள் கடலில் விழுந்தால் தெப்பத்தைத் திருப்பவே முடியாதா? அப்படியென்றால் எந்தத் தைரியத்தில் போனார்கள்?

வாட்சிங்கர் நிஜத்திலும் அவ்வளவு பயந்த மனிதரா?

நார்வேஜியன், ஆங்கிலம் என இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. எதைப் பார்க்கலாம்?

மரக்கலம்:
முதல் கேள்விக்கு என் பதில். ஆபத்து உண்மைதான், ஆனால் அது எப்படி நீங்கியது என்பதைப் படம் சரியாகச் சொல்லவில்லை.

தெப்பத்தின் அடித்தளம் ஒன்பது பால்சா மரங்கள். நடு மரம் ஏறக்குறைய 13.7 மீட்டர், இரு ஓரங்களுக்குப் போகப் போக நீளம் குறையும். குறுக்களவு சுமார் 60 செ.மீ. இவற்றின் மேல் ஏறக்குறைய 90 செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய பால்சா மரங்களைக் குறுக்கே வைத்து, 30 மி.மீ. தடிமனுள்ள சணல் கயிற்றால் கட்டினார்கள். ஆணியோ கம்பியோ எங்கும் கிடையாது. நம் கட்டுமரத்தைப் போலவே முழுக்கக் கட்டுதான். கயிறு நழுவாமல் இருக்க மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி அதில் கயிற்றைப் பதித்தார்கள்.

பால்சா இரண்டு வகையில் காலை வாரும். காய்ந்த மரம் தக்கையைவிட லேசாக மிதக்கும், ஆனால் கடல் நீரை வேகமாக உறிஞ்சும். அப்போதுதான் வெட்டிய பச்சை மரம் கனமானது, ஆனால் உள்ளே உள்ள சாறு தண்ணீரை எளிதில் புகவிடாது. ஹெயர்டால் குழு ஈக்வடாரின் கெவேடோ பக்கம் காட்டில் பச்சை மரமாக வெட்டி, பாலெங்கே ஆற்றில் மிதக்கவிட்டு குவாயாகில் துறைக்குக் கொண்டுவந்தது. பயணத்தை நிறைவேற்றித் தந்த முடிவுகளில் இதற்கே முதலிடம் தருவேன். நடுக்கடலில் மேற்பரப்பிலிருந்து ஒரு சிராய் கிள்ளிப் போட்டால் அது மூழ்கியது. வெளிப்புறம் ஊறியது, உட்புறம் ஊறவில்லை. படத்தில் வரும் பதற்றத்துக்கு மூலம் அந்தச் சிராய்தான்.

கயிறு விஷயத்தில் வல்லுநர்கள் சொன்னது: அலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியே அசையும், உரசலில் கயிறு இரண்டு வாரத்தில் அறுந்துவிடும். நடந்தது வேறு. மரம் மிருது என்பதால் கயிறு மரத்துக்குள் பதிந்து போனது. வெளி உரசல் கயிற்றைத் தொடவே இல்லை. இரும்புக் கம்பி போட்டிருந்தால் அது நெகிழாது, அதே மிருதுவான மரத்தை அறுத்திருக்கும். அதனால் கம்பியைக் கடலில் எறியும் காட்சியைப் பிடிவாதமாகப் பார்க்காமல் பொறியியலாகப் பார்த்தால், எறிந்தது சரியான காரியம்.

கடல்_காற்று:
திருப்புவது பற்றி. கோன்-டிக்கியில் ஒரே ஒரு பெரிய சதுரப் பாய், சுமார் 4.6 × 5.5 மீட்டர். அமரத்தில் (பின்பக்கத்தில்) 5.8 மீட்டர் நீளத் திசைத்துடுப்பு. அடியில் நீளவாக்கில் ஓடும் தடுப்புக் கட்டையான கீல் (keel) கிடையாது. இப்படிப்பட்ட கலம் காற்று பின்னாலிருந்து வரும்வரை நன்றாகப் போகும். காற்றுக்கு எதிராகத் திரும்பச் சொன்னால் பாய் பின்புறம் மடங்கி, தெப்பம் குறுக்கே நின்றுவிடும். அதைச் சரிசெய்வதற்குள் விழுந்தவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருப்பார். வேகம் சராசரியாக மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு கடல் மைல்தான். கேட்கக் குறைவு, ஆனால் அலையில் நீந்தும் மனிதரால் அந்த வேகத்தை எட்ட முடியாது.

வாட்சிங்கர் கடலில் விழுந்தது நிஜம். காற்றில் பறந்த ஒரு தூக்கப் பையைப் பிடிக்கப் போய் விழுந்தார். உயிர்காப்பு மிதவையை எறிந்தார்கள், காற்று அதைத் திருப்பியடித்தது. குழுவில் இருந்த க்னுட் ஹாக்லாண்ட் மிதவையைக் கையில் பிடித்தபடி குதித்து நீந்திப் போய்ச் சேர்ந்தார், கயிற்றைப் பிடித்து மற்றவர்கள் இருவரையும் இழுத்தார்கள். இதைப் படம் சுறாக்களோடு சேர்த்துப் பெரிதாக்கியிருந்தாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

ஆனால் ‘திருப்பவே முடியாது’ என்பது பால்சா தெப்பத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரங்களின் இடைவெளியில் செங்குத்தாகச் செருகும் பலகைகள் உண்டு, தென்னமெரிக்கக் கரையோரத்தில் அதற்கு ‘குவாரா’ என்று பெயர். அணியப் பக்கம் (முன்பக்கம்) ஒன்றைக் கீழே இறக்கினால் நீருக்குள் தடுப்பு முன்னே கூடும், தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும். அமரப் பக்கம் இறக்கினால் காற்றைவிட்டு விலகும். துடுப்பே தேவையில்லை. கோன்-டிக்கியிலும் 60 செ.மீ. அகலப் பைன் பலகைகள் இருந்தன, ஆனால் அவற்றை ஏற்றி இறக்கித் திசை மாற்றும் வித்தை அப்போது குழுவுக்கு முழுதாகத் தெரியாது. 1953-இல் ஈக்வடார் கடலில் ஹெயர்டாலே சோதித்துப் பார்த்து, குவாரா கொண்டு காற்றுக்கு எதிர்த்திசையிலும் போகலாம் என்று காட்டினார். 2006-இல் தங்காரோவா என்ற தெப்பம் பெரிய பாயும் குவாராவும் கொண்டு அதே பாதையில் 70 நாளில் ராரோயா சேர்ந்தது. 31 நாள் மிச்சம்! அந்தப் பயணத்தில் ஹெயர்டாலின் பேரன் ஓலாவும் இருந்தார்.

நிழற்படம்:
வாட்சிங்கர் விஷயத்தில் படம் செய்தது அநியாயம், இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். படத்தில் அவர் பருத்த உடம்புள்ள, நடுங்கும் குளிர்சாதனப் பெட்டி விற்பனையாளர். நிஜத்தில் அவர் பொறியாளர், விளையாட்டு வீரரின் உடல்வாகு, பயணத்தின் தொழில்நுட்பப் பொறுப்பும் வானிலை, கடல் அளவீடுகளும் அவர் கையில். பின்னாளில் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பில் மீன்வளத் துறையில் பணியாற்றினார். படத்தில் காட்டுவதுபோல் திமிங்கிலச் சுறாவை ஈட்டியால் குத்தியவரும் அவரல்ல, குழுவின் எரிக் ஹெசல்பர்க். வாட்சிங்கரின் குடும்பத்தார் நார்வேயில் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நியாயமான எதிர்ப்பு.

திரைக்கதை ஏன் இப்படிப் போனது என்பது புரியாமல் இல்லை. ஆறு பேரும் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள், அதில் மோதல் கிடைக்காது. ஆகவே பார்வையாளரின் பயத்தைச் சுமக்க ஒருவர் தேவைப்பட்டார். கற்பனைப் பெயர் வைத்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

இன்னும் இரண்டு: தெப்பத்தில் இருந்த கிளி லொரிட்டாவைச் சுறா தின்றது கற்பனை. அதை ஒரு பெரிய அலை அடித்துக்கொண்டு போனது. ஹெயர்டால் ‘வெள்ளைத்தோலும் தாடியும் கொண்ட கடவுள்கள்’ பற்றி எழுதியதைப் படம் தொடவே இல்லை. அவருடைய கோட்பாட்டின் மிக பலவீனமான, விமர்சிக்கப்பட வேண்டிய பகுதி அதுதான். பாலினீசியர்கள் மேற்கிலிருந்து, ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதை மொழியும் மரபணுவும் உறுதி செய்கின்றன. அமெரிக்கப் பழங்குடிகளோடு சுமார் 1200-ஐ ஒட்டி ஒரு தொடர்பு இருந்ததாக 2020-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அது தொடர்பு மட்டுமே, குடியேற்றம் அல்ல.

அலைவாய்:
மிக்க நன்றி, குவாரா விளக்கம் பிரமாதம். கடைசியில் பவளப்பாறையில் மோதும் காட்சி? அதோடு வானொலி அடிக்கடி செத்துப்போவதும் நாடகமா?

சிற்றலை:
வானொலி அவதி நாடகமல்ல. அழைப்புக் குறி LI2B. அனுப்பியின் திறன் 6 வாட் மட்டுமே, ஒரு சின்ன இரவு விளக்கின் அளவு. உப்பு ஈரம் மின்கலங்களைக் கெடுத்தது. வான்கம்பியைப் பட்டத்திலும் பலூனிலும் தூக்கிப் பிடித்தார்கள். வானொலியைக் கவனித்த ஹாக்லாண்டும் டோர்ஸ்டைன் ராபியும் போர்க்காலத்தில் எதிரியின் கண்ணில் படாமல் செய்தி அனுப்பிப் பழகியவர்கள், அதனால்தான் இந்த நிலையிலும் தொடர்பு கிடைத்தது.

மோதல் 7 ஆகஸ்ட் அன்று. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் காலி நீர்க்கலங்களில் தீர்ந்துபோன மின்கலங்கள், கனமான உலோகத் துண்டுகளை நிரப்பித் தடித்த கயிற்றில் கட்டி நங்கூரமாக இறக்கினார்கள். நோக்கம் தெப்பத்தை நிறுத்துவதல்ல, வேகத்தைக் குறைத்து அமரப் பக்கம் முதலில் பாறையைச் சந்திக்கச் செய்வது. பிறகு ஒரே கட்டளை: தெப்பத்தை விடாதே. குதித்தால் பவளம் கிழித்துவிடும். பாய்மரம் முறிந்தது, மூங்கில் குடில் நசுங்கியது, ஒன்பது மரங்களும் கட்டு அவிழாமல் நின்றன.

படத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய ஒன்று: மோதுவதற்கு முன் ரரோதொங்கா தீவின் அமெச்சூர் வானொலியாளர் ஒருவரிடம், 36 மணி நேரத்தில் செய்தி வராவிட்டால் உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவைத்தார்கள். நனைந்த கருவியைக் காயவைத்து மறுபடி பேசியபோது கெடு முடியச் சில நிமிடமே மீதம்.

நிழற்படம்:
மொழி பற்றி: வசனக் காட்சிகளை ஒருமுறை நார்வேஜியனிலும் ஒருமுறை ஆங்கிலத்திலும் தனித்தனியே படமாக்கினார்கள், அது டப்பிங் அல்ல. ஆஸ்காரின் அயல்மொழிப் பிரிவுக்குப் போனது நார்வேஜியன் வடிவம், ஓட்டம் 118 நிமிடம். ஆங்கிலம் அதைவிடச் சுருக்கம். துணைத்தலைப்போடு நார்வேஜியனையே பாருங்கள், நடிகர்கள் பேசும் இயல்பு அதில்தான் வருகிறது.

அதற்கு முன் 1950-இல் வந்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டால் நல்லது. பயணத்தின்போதே 16 மி.மீ. கேமராவில் எடுத்தது, ஆஸ்காரும் வாங்கியது. படச்சட்டம் ஆடும், ஆபத்தான பல நேரங்கள் அதில் இருக்காது, ஏனென்றால் அப்போது கேமராவைப் பிடிக்க யாருக்கும் கை காலியில்லை. தெப்பம் அலைக்கு அடியில் போய் மறுபடி மேலே வருவதையும், தண்ணீர் மர இடுக்குகள் வழியே தானாக வடிவதையும் கவனித்துப் பாருங்கள். 2012 படத்தின் கணினி அலைகளில் கிடைக்காத பாடம் அது.