ஆஸ்துமாவுக்குப் பூண்டு: எவ்வளவு, எப்படி, இன்ஹேலரைக் குறைக்கலாமா?

இளங்காற்று:

வணக்கம். அண்ணனுக்கு 52 வயது, ஆஸ்துமா இருக்கிறது. புடெசொனைடு-ஃபார்மோட்டெரால் இன்ஹேலர் (ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்தது) காலையும் இரவும் எடுக்கிறார். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் உண்டு. இப்போது மூச்சு கட்டுக்குள் இருக்கிறது. "பத்துப் பல் பூண்டைப் பாலில் வேகவைத்துத் தினமும் குடித்தால் போதும், ஸ்டீராய்டு இன்ஹேலரே வேண்டாம்" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பச்சையாகவா, வேகவைத்தா, மாத்திரையா? எவ்வளவு? இன்ஹேலரை உண்மையிலேயே குறைக்க முடியுமா? "செய்துதான் பாருங்களேன்" என்கிற மாதிரி பதில் வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

உரித்தபூண்டு:

முதலில் அந்தப் பால். பூண்டின் மருந்துப் பொருள் என்று சொல்லப்படும் அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது. அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கும். பல்லை நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. நாக்கைச் சுடுகிற அந்தக் காரம் அதுதான். முழுப் பல்லைக் கொதிக்கிற பாலில் போட்டால், அது மசிவதற்கு முன்பே நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும். பத்துப் பல்லை ஒருவர் காரமே தெரியாமல் குடிக்க முடிகிறதே, காரணம் இதுதான். உள்ளே போவது பெரும்பாலும் அல்லிசின் இல்லாத வெந்த பூண்டு.

அல்லிசின் வேண்டுமென்றால் பல்லை நன்றாக நசுக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு சாப்பிட வேண்டும். பச்சைப் பூண்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 4 கிராம், அதாவது ஒன்று அல்லது இரண்டு சிறிய பல். வெறும் வயிற்றில் வேண்டாம். மெல்லாமல் முழுசாக விழுங்குவதிலும் பயனில்லை, வயிற்று அமிலத்திலும் நொதி செயலிழக்கும்.

மாத்திரைகளில் மூன்று வகை, மூன்றும் வேறு வேறு பொருள். உலர்பொடி மாத்திரைக்கு வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் பூச்சு இருந்தால்தான் அல்லிசின் கிடைக்கும். பூண்டெண்ணெய்க் காப்ஸ்யூலில் இருப்பது டைஅல்லைல் சல்பைடுகள். பல மாதம் ஊறவைத்து எடுக்கும் முதிர்ந்த பூண்டுச் சாற்றில் அல்லிசினே இருக்காது, எஸ்-அல்லைல் சிஸ்டீன் இருக்கும். ஆகவே 'இத்தனை மில்லிகிராம்' என்று ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்காதீர்கள்.

இதெல்லாம் பக்குவம் பற்றிய பேச்சு மட்டும்தான். மூச்சுக்குழாய்க்கு வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஊதுமானி:

அந்தத் தனிக் கேள்விக்கு என் பதில்: மனிதர்களின் ஆஸ்துமாவில் பூண்டு வேலை செய்கிறது என்று காட்டும் நல்ல சோதனை கிடையாது. ஒவ்வாமை ஏற்படுத்தப்பட்ட எலிகளுக்கு முதிர்ந்த பூண்டுச் சாற்றை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டபோது ஒவ்வாமை அழற்சியில் பெருகும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைந்தன. இது எலி, அதுவும் ஊசி. பச்சைப் பூண்டை அதிகம் சாப்பிட்டவர்களின் இரத்தத்திலும் அல்லிசினைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. போகிற வழியிலேயே அது வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. அவற்றுள் ஒன்றான அல்லைல் மெத்தில் சல்பைடு நுரையீரல் வழியாகத்தான் வெளியேறுகிறது. பல் துலக்கியும் மறுநாள் வரை வாடை போகாதது அதனால்தான். "மூச்சிலேயே வாசம் வருது, அப்போ மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு" என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. வெளியே போகிற கழிவு மூச்சுக்குழாயை விரிப்பதாகப் பொருள் இல்லை.

இன்ஹேலரை நிறுத்தும் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அழற்சியை அடக்கி வைத்திருக்கும். நிறுத்திய மறுநாளே மூச்சு திணறாது. நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், நன்றாகவே இருக்கும். அந்த இடைவெளியில் பூண்டு குடித்தால் பெயர் பூண்டுக்குப் போய்விடும். பிறகு ஒரு சளிக் காய்ச்சலோ தூசியோ வரும்போது மொத்தமாக இடிந்து விழும். கட்டுப்பாடு குறைந்தது 3 மாதம் நிலையாக இருந்தால் ஸ்டீராய்டு அளவை 25 முதல் 50 சதவீதம் வரை குறைத்துப் பார்ப்பது முறையான வழிதான். அதை மருத்துவர் கண்காணிப்பில், சளி பிடிக்காத, பயணம் இல்லாத சமயத்தில் செய்ய வேண்டும். முழுதாக நிறுத்துவது வேறு.

அண்ணன் பிடிவாதமாக இருந்தால், இன்ஹேலரில் கைவைக்காமல் உச்சக் காற்றோட்ட மீட்டரால் (எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று காட்டும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும், மருந்துக்கு முன், நின்றபடி மூன்று முறை பலமாக ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். இரண்டு வாரம் பூண்டு இல்லாமல், இரண்டு வாரம் பூண்டோடு, மறுபடி இல்லாமல். தனது சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சரி. 50க்கும் 80க்கும் இடையில் இருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 50க்குக் கீழே அவசரம். இதிலும் ஒரு சிக்கல்: நோட்டுப் புத்தகம் வைத்து அளக்க ஆரம்பித்ததும் எல்லாரும் இன்ஹேலரையும் ஒழுங்காக எடுப்பார்கள். எண் ஏறினால் அதனால்கூட இருக்கலாம்.

இளங்காற்று:

நன்றி, இருவருக்கும். பூண்டு போட்ட ஆவி பிடிப்பது, நெஞ்சில் அரைத்துப் பூசுவது, எண்ணெயில் ஊறவைத்துத் தடவுவது, இவற்றையும் கேட்கிறார்.

காரநெடி:

மூன்றும் வேண்டாம்.

ஆவி: நசுக்கிய பூண்டின் நெடி ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து வெந்துபோகும் ஆபத்து தனி. பூண்டுத் தூசியே ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதும் தெரிந்த விஷயம். பூண்டை உலர்த்தி, அரைத்து, பொதி கட்டும் வேலையில் இருப்பவர்களிடம் தொழில்சார் ஆஸ்துமா பதிவாகியிருக்கிறது. அந்த ஒவ்வாமைக்கு முக்கியக் காரணிகளில் ஒன்று, உரித்தபூண்டு மேலே சொன்ன அதே அல்லினேஸ். பொடியைத் தட்டும்போது தும்மலோ இழுப்போ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பூச்சு: பச்சைப் பூண்டு விழுதை நெஞ்சில் கட்டி வைத்தால் சில மணி நேரத்தில் தோல் கொப்பளிக்கும். இது உண்மையான இரசாயனத் தீக்காயம், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். 'சூடு இறங்குது, வேலை செய்யுது' என்று நினைத்து விட்டுவைப்பதால்தான் ஆழமாகப் போகிறது.

எண்ணெய்: தடவினால் தோல் பிரச்சினை, வைத்திருந்து சாப்பிட்டால் அதைவிடப் பெரியது. பூண்டில் அமிலத்தன்மை குறைவு, எண்ணெய்க்குள் காற்று இல்லை. மண்ணிலிருந்து ஒட்டிவரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நச்சுப் பாக்டீரியாவின் வித்துக்கு இதைவிட வசதி வேண்டாம். நஞ்சு சேர்ந்தாலும் வாடையோ நிறமோ மாறாமலே இருக்கலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் பாட்டுலிசம் (அந்த நஞ்சால் வரும் பக்கவாத நோய்) பரவியது. செய்தே ஆகவேண்டுமென்றால் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஆஸ்பிரினையும் மறக்காதீர்கள். ஆஸ்பிரினைப் போலவே பூண்டும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும். சமையலில் போடும் அளவுக்குப் பயமில்லை. தினசரி பச்சைப் பூண்டோ மாத்திரையோ என்றால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. பச்சைப் பூண்டால் நெஞ்செரிச்சல் வருகிறவர்களுக்கு இரவில் இருமலும் கூடலாம், அதை ஆஸ்துமா என்று நினைத்து மேலும் பூண்டு தின்பதும் நடக்கிறது.

இலைச்சாறு:

அண்ணனிடம் பேச ஒரு வழி: "தாவர மருந்து வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்துமா மருந்துகள் பல செடியிலிருந்தே வந்தவை. தியோஃபிலின் 1888இல் தேயிலையிலிருந்து பிரிக்கப்பட்டது. ஊமத்தை வகைச் செடிகளின் அட்ரோபினை மாற்றியமைத்ததுதான் இப்ராட்ரோபியம். அம்மி விஸ்னாகா என்ற செடியின் கெல்லினிலிருந்து தொடங்கிய தேடலில் கிடைத்தது குரோமோகிளைகேட். எல்லாவற்றிலும் ஒரு மூலக்கூறைப் பிரித்து, அளவு கண்டுபிடித்து, மனிதர்களிடம் சோதித்தார்கள். அளவு ஏன் முக்கியம் என்பதற்குத் தியோஃபிலினே சாட்சி. இரத்தத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். பூண்டு அந்தப் படிகளைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

இளங்காற்று:

புரிந்தது. கடைசியாக ஒன்று: திணறல் வந்தால் வீட்டில் என்ன செய்வது?

ஊதுமானி:

மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டம்தான் முதல். சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்து) 100 மைக்ரோகிராம் இன்ஹேலர் இருந்தால், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் குழல்) வழியாக ஒவ்வொரு பஃப்பாக, 4 முதல் 10 பஃப் வரை. தேவைப்பட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம், மயக்கக் குழப்பம் என்றால் உடனே ஆம்புலன்ஸ், பஃப் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஸ்பேசரை சோப்பு நீரில் கழுவி, அலசாமல், துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.