செவ்ர் கோப்பை: உடல் பழசு, ஓவியமும் பழசா?

கேள்வி
பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையுடையது என்று சொல்லப்படும் நேர்ச்சுவர் ‘லித்ரான்’ வடிவக் கோப்பை, சாசருடன். வெளிப்புறம் முழுக்க வான்நீலப் பூச்சு. வெள்ளையாக விட்ட இடத்தில் கிளையில் பறவைகள், சுற்றிலும் தங்கக் கரை. அடியில் ஆலையின் முத்திரையான பின்னிய இரண்டு எல், நடுவே கே; ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்குப்படி 1763. சாசரின் அடிவளையத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை. வளையத்தை ஒட்டிச் சில கரும்புள்ளிகள். இலைப்பச்சை மட்டும் கண்ணைப் பறிக்கிறது. நம்பலாமா?

பதில் 1
துளை உடைசல் அல்ல. சூளையில் தொங்கவிட அவர்களே போட்டது, நல்ல அறிகுறி. 10 மடங்கு லென்ஸில் வண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். மென்பீங்கானின் (கயோலின் களிமண் இல்லாத பழைய வகை) ஈயக் கிளேஸ், அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு, எனாமல் வண்ணத்தைச் சுடும் சூட்டில் மறுபடி இளகும். வண்ணம் அதற்குள் அமிழ்ந்து விளிம்பு கரைந்தாற்போல் நிற்கும். வன்பீங்கானில் (கயோலின் கலந்து அதிகச் சூட்டில் சுட்டது) வண்ணம் மேலேயே உட்கார்ந்திருக்கும், நகத்தில் தட்டும். 1763இல் செவ்ரில் வன்பீங்கான் கிடையாது; தட்டினால் முத்திரை பொய். வான்நீலம் 1753 முதலே உண்டு, எழுத்தோடு ஒத்துப்போகிறது. இதுவே ரோஸ் நிறமும் 1753ஐக் குறிக்கும் ஏ எழுத்துமாக இருந்தால் அப்போதே ஒதுக்கியிருக்கலாம். ரோஸ் 1757இல்தான் வந்தது.

பதில் 2
மேலே சொன்னது உடலுக்குத்தான் சான்று, ஓவியத்துக்கு அல்ல. 1800இல் செவ்ர் ஆலையின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ப்ரோன்யார் மென்பீங்கானைக் கைவிட்டு, ஓவியம் தீட்டாமல் கிடந்த வெள்ளைச் சரக்கை விற்றுத் தள்ளினார். வாங்கிய வெளி ஓவியர்கள் பழைய பாணியில் தீட்டி மறுபடி சுட்டார்கள். கிளேஸ் அதே ஈயக் கிளேஸ், ஆகவே பின்னாள் வண்ணமும் அமிழும்.

எனக்கு உறுத்துவது கரும்புள்ளியும் பச்சையும்தான். புழங்கிய பாத்திரத்தில் ஊறிய எண்ணெயும் அழுக்கும் மறுசூட்டில் கருகிப் புள்ளியாக வெளிவரும். புள்ளி கிளேஸுக்குள் இருப்பதால் தேய்த்தாலும் போகாது, முயலவும் வேண்டாம். பச்சை விஷயம்: 1763இல் பச்சைக்குச் செம்புதான். கொஞ்சம் நீலம் சாயும், கண்ணாடிபோல் ஊடுருவும், தூரிகை ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் கருத்துத் தெரியும். குரோமியம் என்ற உலோகமே 1797இல்தான் அறியப்பட்டது. குரோம் பச்சை மஞ்சள் சாய்ந்து, சுவரில் அடித்த பெயின்ட் மாதிரித் தட்டையாக மூடும்.

கேள்வி கேட்டவர்
லென்ஸில் பார்த்தேன். இலை தட்டைதான், அடுக்கே தெரியவில்லை.

பதில் 3
இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டிப் பிடியுங்கள். அந்த வெளி ஓவியர்கள் வெறும் வெள்ளை மட்டுமல்ல, சின்னப் பூக்கள் போட்ட எளிய கோப்பைகளையும் வாங்கி, பூக்களை அரைத்தோ அமிலத்தால் அரித்தோ எடுத்துவிட்டு மேலே நிறம் பூசினார்கள். பூ இருந்த இடம் பளபளப்பு மங்கிய லேசான பள்ளமாக, அதே பூவின் உருவில் தெரியும். சாசரின் கீறல்களையும் தொடர்ந்து பாருங்கள். கீறல் வண்ணத்தை வெட்டிப்போனால் இயல்பு. வண்ணத்துக்கு அடியில் ஓடினால், புழங்கிய பிறகு தீட்டியது.

தங்கத்தையும் விடாதீர்கள். அக்காலத்தில் தேனில் குழைத்து அரைத்த தங்கம். தடிப்பாக, மென்மையாக இருக்கும், மேலே கூர்முனையால் கோலமிட்டிருப்பார்கள். பிந்தையது மெல்லிசு, பித்தளை மினுக்கு.

முடிவு தேவையென்றால் எக்ஸ்ஆர்எஃப் சோதனை (எக்ஸ்கதிர் பாய்ச்சி எந்தத் தனிமங்கள் உள்ளன என்று பார்ப்பது). பொருளைச் சுரண்ட வேண்டியதில்லை. இலையில் ஒரு புள்ளி, நீலத்தில் ஒரு புள்ளி எடுக்கச் சொல்லுங்கள். இலையில் குரோமியம் வந்தால் பறவைகள் 1800க்குப் பிந்தியவை. ஆனால் நீலத்தில் செம்பு வந்ததை அசலுக்குச் சான்றாக எடுக்காதீர்கள். போலி செய்தவர்களும் அந்த நீலத்தைச் செம்பில்தான் எடுத்தார்கள்.